டூலி தெருவில் ஒரு சனிக்கிழமை

சித்திரை பிறக்கும் அன்று காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். வாசலில் போட்ட மாக்கோலம் காய்வதற்குள் வீட்டுக்கு வீடு வேப்பம்பூவும் வெல்லமும் சேர்ந்து மணக்கும். ஆண்டாளைச் சேவிக்கப் போகிறவர்கள் போய்க்கொண்டும், சேவித்தவர்கள் வந்துகொண்டும் இருப்பார்கள். பஞ்சாங்கம் படிப்பார்கள். இந்த வருஷத்துக்கு எந்தக் கிரகம் ராஜா, எந்தக் கிரகம் மந்திரி, மழை எத்தனை மரக்கால் என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு, 'அக்கினி பயம் உண்டு' என்று வருகிற இடத்தில் மட்டும் லேசாக முகத்தைச் சுளித்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது எங்கள் பக்கத்து வழக்கம்.

சில வருஷங்களுக்கு முன் நானும் அப்படித் திரும்பிக்கொண்டிருந்தேன். தீயணைப்பு நிலையத்தின் முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் காக்கி உடுப்பில் வரிசையாக நின்றார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். பேச்சு மூச்சு இல்லை. தெருவோ அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ் ஒன்று அவர்களுக்கு நேரே நின்று 'பாம் பாம்' என்று முழங்கிவிட்டுப் போயிற்று. அவர்கள் அசையவில்லை. ஊரெல்லாம் வருஷப் பிறப்புக் கொண்டாடும் நாளில் இவர்களுக்கு மட்டும் என்ன துக்கம் என்று எனக்குப் புரியவில்லை. கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒன்று கண்ணில் பட்டால் வீட்டில் பச்சடி ஆறினாலும் பரவாயில்லை. நின்றுவிட்டேன்.

வரிசை கலைந்த பிறகு, அவர்களில் தலை நரைத்த ஒருவர் விஷயத்தைச் சொன்னார். 1944-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி, பம்பாய் விக்டோரியா டாக்கில், 'போர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. யுத்த காலம். கப்பலின் வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிமருந்தும், அதே கப்பலில் கராச்சியிலிருந்து ஏற்றி வந்த பஞ்சுப் பேல்களும் இருந்தன. மத்தியானம் புகை தெரிந்ததும் தீயணைப்புப் படையினர் வந்து தண்ணீரைக் கொட்டினார்கள். மணிக்கணக்காகக் கொட்டினார்கள். நாலு மணி சுமாருக்குக் கப்பல் வெடித்தது. சற்று நேரத்தில் இன்னொரு தடவையும் வெடித்தது. படையினரில் மட்டும் 66 பேர் மாண்டார்கள். அவர்களை நினைத்துத்தான் இந்தியா முழுவதும் ஏப்ரல் 14-ந் தேதி எல்லாத் தீயணைப்பு நிலையங்களிலும் மௌனமாக நிற்கிறார்கள்.

"முதல்லே வெடிமருந்திலே பிடிக்கலை அண்ணாச்சி. பஞ்சிலேதான் பிடிச்சுது" என்றார் அவர்.

எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாயார் பிறந்த ஊர். இரண்டுக்கும் நடுவில் ஏழு மைல். பஞ்சு என்ற சொல் காதில் விழுந்தால் ராஜபாளையத்துக்காரன் நின்று கேட்காமல் போக மாட்டான். எங்கள் ஊரில் 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா மில் கம்பெனியை ஆரம்பித்த பிறகு, விதைப்பதும் எடுப்பதும் அரைப்பதும் நூற்பதும் விற்பதுமாக ஊரே பஞ்சுக்குள் புகுந்துகொண்டது. பஞ்சுக் கிட்டங்கியின் சந்தில் கோலி விளையாடி வளர்ந்தவன் நான். ஆனால் பஞ்சில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்கு அந்த மனிதர் சொல்லித்தான் சரியாகத் தெரிந்துகொண்டேன்.

"அமுக்கிக் கட்டின பேல் இருக்கே, அதுக்குள்ளே நெருப்பு எலி மாதிரி வளை தோண்டிக்கிட்டுப் போகும். மேலே தண்ணியை ஊத்தினா அணைஞ்ச மாதிரி இருக்கும். நாமளும் அணைஞ்சுட்டுதுன்னு வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துருவோம். மூணாம் நாள் மறுபடியும் புகையும். பேலை ஒவ்வொண்ணா வெளியே இழுத்துப் போட்டு, கம்பியை வெட்டிப் பிரிச்சுப் பார்க்கணும். அதுக்கு உள்ளே போகணும்."

"உள்ளே போகிறது ஆபத்தில்லையா?"

"ஆபத்துதான். ஆனா தனியா ஒருத்தன் போகக் கூடாது. எத்தனை அவசரமானாலும் ரெண்டு பேர். எங்களுக்கு முதல் நாள் பாடமே அதுதான்."

"இந்தப் பாடத்தை யார் ஏற்படுத்தினது?"

அவர் சிரித்தார். "யாருக்குத் தெரியும் அண்ணாச்சி? வெள்ளைக்காரன் காலத்திலேருந்து இருக்கு."

வெள்ளைக்காரன் காலம் என்றால் நமக்குக் கலெக்டரும் கவர்னரும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். கல்லூரியில் நான் நெட்டுருப் போட்ட இங்கிலாந்துச் சரித்திரத்திலும் எட்டு ஹென்றிகளும் அவர்களுடைய மனைவிமார்களும் இருந்தார்கள். தீயணைக்கிறவன் ஒருவன் கூட இல்லை. ஆனால் அந்தப் பாடத்தை எழுதிவைத்து, ஒரு படைக்கே பழக்கமாக்கிக் காட்டிய வெள்ளைக்காரருக்கு ஒரு பெயர் உண்டு. ஜேம்ஸ் பிரெய்ட்வுட். 1800-ஆம் வருஷம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் மர வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1861-இல் லண்டனில், டூலி தெருவில் பற்றி எரிந்த ஒரு கிட்டங்கியின் சுவர் மேலே விழுந்து செத்தவர்.

எடின்பரோ நகரசபையார் 1824-இல் ஒரு தீயணைப்புப் படையை ஏற்படுத்தி, 24 வயதுப் பையனான பிரெய்ட்வுட்டை அதற்குத் தலைவனாக்கினார்கள். பதவி ஏற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நவம்பர் மாதம் ஒரு ராத்திரி, சித்திர அச்சு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் ஆளி விதை எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த சட்டியிலிருந்து தீக் கிளம்பிற்று. அந்த ஊர்ப் பழைய வீடுகள் பத்து மாடி, பதினொரு மாடி வரைக்கும் உயர்ந்தவை. நடுவே ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும்படியான முடுக்குகள். தீ நாட்கணக்காக ஊரைத் தின்றது.

தீயைவிடப் பெரிய தொல்லை மனிதர்களால் வந்தது. நகரசபைத் தலைவர் ஒரு உத்தரவு போட்டார். மாஜிஸ்டிரேட்டுகள் ஆளுக்கு ஒரு உத்தரவு போட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் தங்கள் பாலிஸி உள்ள கட்டடத்தை முதலில் பார் என்றார்கள். பையன் யார் சொல்வதைக் கேட்பான்? நம் ஊரில் கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் நாலு பெரியவர்கள் உப்பைப் பற்றி உத்தரவு போட்டால் சாம்பார் என்ன கதி ஆகுமோ, அந்தக் கதிதான் எடின்பரோவுக்கும் ஆயிற்று. பிற்பாடு விசாரணை நடந்தது. பிரெய்ட்வுட்டின் பேரில் குற்றம் இல்லை என்று தீர்ந்தது. தீ எரியும் இடத்தில் படைத் தலைவன் ஒருவன் உத்தரவுதான் செல்லும், வேறு எந்தப் பெரிய மனிதரும் குறுக்கிடக் கூடாது என்றும் ஏற்பாடாயிற்று.

அவர் ஆள் எடுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கூரை வேய்கிறவர்கள், தச்சர்கள், கொத்தர்கள், கருமார்கள், குழாய் வேலைக்காரர்கள் ஆகியோரையே சேர்த்தார். கூரை வேய்கிறவனுக்கு உயரத்தில் கால் நடுங்காது. தச்சனுக்கும் கொத்தனுக்கும் எந்த உத்தரம் தாங்கும், எந்தச் சுவர் சாயும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். கருமானும் குழாய்க்காரனும் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பழுது பார்த்துக்கொள்வார்கள். இவர்களை வாரம் ஒரு தடவை விடியற்காலம் நாலு மணிக்கு எழுப்பிப் பழக்கினார். தெருவில் கூட்டம் இருக்காது. இருட்டிலும் வேலை செய்யப் பழகும். 1830-இல், தான் கற்றதையெல்லாம் ஒரு புஸ்தகமாக எழுதினார்.

அவருடைய உபதேசம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. தெருவில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகத் தண்ணீர் பீச்சுவது வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். தீக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே போ. தீ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதன் தலையில் ஊற்று. புகை அடர்ந்திருந்தால் குனிந்து தவழ்ந்து போ, தரையை ஒட்டினாற்போல நல்ல காற்று இருக்கும். தனியாகப் போகாதே, ஒருவன் விழுந்தால் இழுத்துக்கொண்டு வர இன்னொருவன் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்னிடம் சொன்ன முதல் நாள் பாடம் இதுதான்.

சொல்லிக்கொடுத்ததோடு நிற்கிற வாத்தியாரும் அல்ல. எடின்பரோவில் ஒரு இரும்புக் கடை எரிந்துகொண்டிருந்தபோது, அடியில் நிலவறையில் வெடிமருந்து இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பிரெய்ட்வுட் தானே உள்ளே போய் ஒரு பீப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, மறுபடியும் போய் இன்னொன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் தடவை போவதற்குத் தைரியம் போதும். அந்த இரண்டாம் தடவைதான் என்னை மலைக்க வைக்கிறது.

லண்டனில் அந்த நாளில் ஒவ்வொரு இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஒவ்வொரு படை வைத்துக்கொண்டிருந்தது. பாலிஸி எடுத்த வீட்டுச் சுவரில் கம்பெனியின் முத்திரை போட்ட தகடு ஒன்றை அடித்திருப்பார்கள். 1833-இல் கம்பெனிகள் ஒன்று சேர்ந்து, படைகளையும் ஒன்றாக்கி, எடின்பரோவிலிருந்து பிரெய்ட்வுட்டை அழைத்து வந்தன. 80 ஆட்கள், 13 நிலையங்கள். அத்தனை பெரிய பட்டணத்துக்கு இவ்வளவுதான். எஞ்சின் என்றதும் இன்றைய சிவப்பு வண்டியை நினைத்துக்கொள்ளக் கூடாது. குதிரை இழுத்து வரும். கையால் அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் முப்பது பேர் வரைக்கும் நின்று தண்டை ஏற்றி இறக்கினால்தான் தண்ணீர் பாயும். அதற்கு வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்தே ஆள் பிடிப்பார்கள். முதல் மணிக்கு ஒரு ஷில்லிங், அதற்கு மேல் மணிக்கு ஆறு பென்ஸ், தாகத்துக்குப் பீர். பீர் வரத் தாமதமானால் தண்டு நின்றுவிடும்!

ஆவியால் இயங்கும் எஞ்சின் 1829-லேயே செய்யப்பட்டுவிட்டது. பிரெய்ட்வுட் அதைக் கிட்டச் சேர்க்கவில்லை. அளவுக்கு மீறித் தண்ணீரைக் கொட்டும், ஆட்களும் உள்ளே போகாமல் தூரத்தில் நின்றே பீச்சப் பழகிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. முப்பது வருஷம் இந்தப் பிடிவாதம் நீடித்தது. கடைசிக் காலத்தில்தான் கொஞ்சம் இளகினார். பெரியவர்களைப் பற்றி எழுதும்போது இந்த மாதிரி விஷயங்களை மறைத்துவிடுவது நம்மவர் சம்பிரதாயம். எனக்கு என்னவோ, ஆவி எஞ்சினைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்தக் கிழவரோடுதான் சிநேகம் ஏற்படுகிறது.

1834-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி பார்லிமெண்டு மாளிகை பற்றி எரிந்தது. பழைய காலத்துக் கணக்குக் குச்சிகளை அடுப்பில் போட்டுக் கொளுத்தியதால் வந்த வினை. பார்லிமெண்டை யாரும் இன்ஷூர் செய்திருக்கவில்லை. கம்பெனிக்காரர்களின் சம்பளம் வாங்கும் படைக்கு அங்கே சட்டப்படி வேலை இல்லை. ஆனாலும் பிரெய்ட்வுட் தம் ஆட்களோடு போனார். இரண்டு சபைகளும் போயின. பழைய வெஸ்ட்மினிஸ்டர் மண்டபம் தப்பியது. ராஜ்யத்தின் சட்டசபையே தனிப்பட்ட கம்பெனிகளின் தயவில் தீயணைத்துக்கொண்டது என்பதைக் கண்ணாரக் கண்ட பிறகும், அதற்கென்று ஒரு படை வேண்டும் என்று அந்தச் சட்டசபைக்கு மேலும் முப்பது வருஷம் தோன்றவில்லை.

அவர் உள்ளூரப் பயந்தது வீடுகளைக் கண்டு அல்ல, கிட்டங்கிகளைக் கண்டு. தேம்ஸ் நதிக்கரை நெடுக ஐந்து மாடி, ஆறு மாடிக் கிட்டங்கிகள் எழும்பிக்கொண்டிருந்தன. உலகத்துச் சரக்கெல்லாம் அங்கே வந்து இறங்கிற்று. 60 அடி நீளம், 60 அடி அகலம், 60 அடி உயரம். ஒரு சரக்கறை அதற்கு மேல் போனால் உள்ளே பிடித்த தீயை எந்தப் படையாலும் அடக்க முடியாது என்று அவர் கணக்குச் சொன்னார். 1849-இல் எஞ்சினீயர்கள் சபையில் பேசும்போது, வார்ப்பிரும்புத் தூணை நம்பாதீர்கள், சூடேறிய பிறகு தண்ணீர் பட்டால் விரிந்துவிடும், அந்தக் கூரைக்கு அடியில் என் ஆட்களை எப்படி அனுப்புவேன் என்ற விதமாகக் கேட்டார். அறைக்கும் அறைக்கும் நடுவே கனமான சுவர் வேண்டும். அதில் வழி விட்டால் இரும்புக் கதவு போட வேண்டும். அந்தக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். கதவும் போட்டார்கள்.

1861, ஜூன் 22. சனிக்கிழமை. வெயில் காலத்துச் சாயங்காலம். லண்டன் பாலத்துக்குக் கீழ்புறம், டூலி தெருவை ஒட்டி, காட்டன் துறை என்ற படகுத் துறையில் இருந்த ஒரு கிட்டங்கியிலிருந்து ஐந்து மணிக்குச் சற்று முன்னால் புகை வந்தது. உள்ளே இருந்த சரக்கைக் கேளுங்கள்: ஆயிரக்கணக்கான பஞ்சுப் பேல்கள், சணல், அரிசி, சர்க்கரை, தேயிலை, மசாலாச் சாமான், வெடியுப்பு, பீப்பாய் பீப்பாயாக மாட்டுக் கொழுப்பு. எதைத் தொட்டாலும் எரியும். கட்டிவைத்த சணல் தானாகவே சூடேறிப் பற்றியிருக்கும் என்று பிற்பாடு கருதினார்கள். அறைகளுக்கு நடுவே இரும்புக் கதவுகள் இருந்தன. அவை திறந்து கிடந்தன.

அவ்வளவுதான் காரணம். சரக்கை இழுக்க வசதியாக இருக்கட்டும் என்று யாரோ ஒருவன் திறந்து வைத்திருப்பான். சாத்துகிற பொறுப்பு தனக்கில்லை என்று இன்னொருவன் போயிருப்பான். சனிக்கிழமை சாயங்காலம் அல்லவா!

அந்தச் சணலில் பெரும்பாலும் நம் வங்காளத்து வயலில் விளைந்தது. வெடியுப்பும் அந்த நாளில் பீகாரிலிருந்துதான் ஏராளமாகப் போயிற்று. பஞ்சு மட்டும் அன்றைக்கு அநேகமாக அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதே வருஷம் ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை மூண்டு அந்த வரவு நின்றுபோன பிறகு, இங்கிலாந்து நம் பக்கம் திரும்பிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. எங்கள் கரிசல் காட்டுப் பஞ்சு மாட்டு வண்டியில் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிற்று. ஏகாலியும் சக்கிலியனும் கூடப் பஞ்சு விலை பேசின காலம் அது என்று ஊர்ப் பெரியவர்கள் பரம்பரையாகச் சொல்வதுண்டு. ஆகையால் தேம்ஸ் கரைக் கிட்டங்கிகளை நான் அந்நியமாக நினைப்பதில்லை.

பிரெய்ட்வுட் ஐந்து மணி அடித்துச் சற்று நேரத்துக்கெல்லாம் வந்து சேர்ந்தார். எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் தண்ணீர் இல்லை! தெருக் குழாயில் வரத்துக் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. நதி பக்கத்திலேயே கிடந்தது, அதிலோ வற்றம். நீர் இறங்கிப் போய்ச் சேறு தெரிந்தது. நதியில் மிதக்கும் எஞ்சின் சரியானபடி நீரை உறிஞ்ச முடியாமல் திணறியது. அதற்குள் தீ, திறந்த கதவுகளின் வழியாக விருந்தாளியைப் போல அறை அறையாக நடந்து போயிற்று.

இந்த நிலைமையில் 60 வயதுத் தலைவர் என்ன செய்தார்? கர்ஜிக்கவில்லை. கத்தியை உருவவில்லை. தீக்கும் நதிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வெந்துகொண்டிருந்த ஆட்களிடம் போய், ஒவ்வொருவனாகப் பார்த்து, களைத்தவனுக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவனுக்குக் கையில் ஆழமாக வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. பிரெய்ட்வுட் தம் கழுத்தில் கட்டியிருந்த சிவப்புப் பட்டுக் கைக்குட்டையை அவிழ்த்து அவன் கையில் கட்டினார்.

மணி ஏழரை. உள்ளே என்னவோ வெடித்தது. கிட்டங்கியின் முன்சுவர் வெளியே பிதுங்கிற்று. ஓடு, ஓடு என்று யாரோ கத்தினார்கள். இளவட்டங்கள் ஓடித் தப்பினார்கள். சுவர் முழுதாக வந்து விழுந்தது. பிரெய்ட்வுட்டும் அவர் கூட இருந்த இன்னொருவரும் அடியில் போய்விட்டார்கள். எந்தச் சுவர் சாயும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர், அந்த நிமிஷம் சுவரைப் பார்க்காமல் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தார்.

உடனே தோண்டி எடுக்க முடியவில்லை. செங்கல் குவியல் அடுப்பாகச் சுட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது.

அன்று ராத்திரி லண்டன் பாலத்தின் மேல் பல்லாயிரம் பேர் கூடிவிட்டார்கள். பிராந்திக் கடைகள் விடிய விடியத் திறந்திருந்தன. படகோட்டிகள் கூலி வாங்கிக்கொண்டு, கிட்டப் போய்த் தீ பார்க்க ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். உருகிய மாட்டுக் கொழுப்பு எரிந்துகொண்டே நதியில் ஓடிற்று. அதை அள்ளி விற்கலாம் என்று ஏழை ஜனங்கள் படகிலும் சேற்றிலுமாக இறங்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு லண்டன் மறந்து போயிற்று. 2012-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி, எங்களுக்கு வெகு தூரமில்லாத சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில் தீப்பிடித்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு, காப்பாற்றலாம் என்றும், என்னதான் நடக்கிறது பார்க்கலாம் என்றும் சுற்று வட்டாரத்திலிருந்து ஓடி வந்தவர்கள். நின்றுகொண்டிருக்கும்போதே அடுத்தது வெடித்தது. பட்டாசுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இத்தனை தூரம். இவ்வளவு மருந்துக்கு மேல் கூடாது. படித்தால் பிரெய்ட்வுட்டே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது போல இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வெயில் காலத்திலும், தீபாவளிக்கு முந்திய மாதங்களிலும், பத்திரிகையில் வருகிற செய்தியில் ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும் மாறும். 'விதியை மீறி' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் மாறுவதில்லை.

ஜூன் 29-ந் தேதி பிரெய்ட்வுட்டை அடக்கம் செய்தார்கள். ஊர்வலம் ஒன்றரை மைல் நீண்டது. மாதாகோயில்கள் மணியடித்தன, கடைகளை அடைத்தார்கள். ஆப்னி பார்க் கல்லறையில், ஆறு வருஷங்களுக்கு முன் இதே படையில் இருந்து இதே போலத் தீயில் போன அவருடைய மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் அவரையும் வைத்தார்கள். அந்தப் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு மறுநாள் காலையில் வேலைக்குப் போயிருப்பாரே, அன்று வீட்டில் அந்த அம்மாள் என்ன சொல்லியிருப்பாள்? சரித்திரக்காரர்களுக்கு வேண்டாத கேள்வி இது. எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அவருடைய உடுப்பிலிருந்த பொத்தான்களையும் தோள் பட்டைகளையும் அறுத்தெடுத்து, படையிலிருந்தவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 'ஜிம்மி பிரெய்டர்கள்' என்று லண்டன் ஜனங்கள் அந்தப் படையினருக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். பெயரோடு பொத்தானும் சேர்ந்தது.

தீ இரண்டு வாரம் புகைந்துகொண்டிருந்தது. நஷ்டம் 20 லட்சம் பவுன் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்து 20 லட்சம்! இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு வயிறு கலங்கிவிட்டது. கிட்டங்கிக்காரர்களிடம் பிரீமியத்தைக் கூட்டின; இனிமேல் லண்டனின் தீயை எங்களால் சுமக்க முடியாது, சர்க்கார் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிப் போட்டன. பிரீமியம் கூடிற்று என்றதும் வியாபாரிகள் கூச்சலிட்டார்கள். வியாபாரிகள் கூச்சலிட்டதும் பார்லிமெண்டுக்குக் காது கேட்டது. 1862-இல் கமிட்டி, 1865-இல் சட்டம், 1866 ஜனவரியிலிருந்து ஜனங்களின் வரிப் பணத்தில் லண்டனுக்குப் பொதுத் தீயணைப்புப் படை. பிரெய்ட்வுட்டின் உயிருக்கு இந்தச் சட்டம் கிடைத்தது என்று எழுதியிருப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. உயிர் போனதற்காக ஊர் அழுதது. பணம் போனதற்காகத்தான் சட்டம் வந்தது. அவர் பிறந்த எடின்பரோவில் அவருக்குச் சிலை வைத்ததோ 2008-இல்.

இதையெல்லாம் படித்து முடித்த கையோடு ராஜபாளையத்துக்குப் போயிருந்தேன். என் சிறு வயதுச் சிநேகிதர் ஒருவருக்குப் பஞ்சு வியாபாரம். பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார், வேண்டாம். சாயங்காலம் கிட்டங்கியைச் சுற்றிக் காட்டினார். பேல்கள் மச்சு வரைக்கும் அடுக்கியிருந்தன. பழைய சந்து அப்படியே இருந்தது. பஞ்சுத் தூசியின் அந்தக் கதகதப்பான வாசனையும் அப்படியே இருந்தது. சுவரில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. இரண்டு அறைக்கும் நடுவே புதிதாக, பெரிதாக, ஒரு இரும்புக் கதவு. இன்ஷூரன்ஸ்காரர்கள் வற்புறுத்திப் போட வைத்தார்களாம். என்ன விலை தெரியுமா மாப்பிள்ளை என்று விலையைச் சொன்னார். பெரிய விலைதான்.

கதவு முழுக்கத் திறந்து சுவரோடு சாய்ந்திருந்தது. திரும்பி வந்து மூடிக்கொள்ளாமல் இருக்க, அடியில் ஒரு ஆட்டுக்கல் குழவியை உருட்டி வைத்திருந்தார்கள்.

காவற்காரப் பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "ராத்திரியிலேயாவது இதைச் சாத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"எட்டு மணிக்கு லாரி வருது தம்பி. சரக்கு ஏத்தணும்ல. அது போகட்டும்" என்றார்.